டேங்குக்குள் பெய்த பனி

மாசிலாமணி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தஞ்சாவூரில் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது. மருத்துவர் கையை எடுத்துக்கொண்டார். பேராவூரணியிலிருந்து அவருடைய மகள் செல்வி பேசினார். “அப்பா தூக்கத்துலயே போயிட்டாங்க சார். ஏரோபிளேன் ஆளுங்க யாருக்குச் சொல்லணும்னு உங்களுக்குத்தான் தெரியும்.” என் வாய் பாதி மரத்துப்போயிருந்தது. “எப்பம்மா?” என்று கேட்டேன். அது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பல்லை அப்படியே விட்டுவிட்டுப் பேராவூரணிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

செல்வி கேட்ட அந்த ஏரோபிளேன் ஆளுங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தஞ்சாவூருக்கு வெளியே யுத்த காலத்தில் போட்ட பழைய ஓடுதளத்தில் நம்முடன் வேலை பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். அவரை உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மார்கழியில் ஒரு மேய்ச்சல் திடலில் நடந்ததை நம்மில் முழுவதுமாகப் பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். நான் அதை இத்தனை காலம் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. ஏன் என்பது படிக்கும்போது தெரியும்.

அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நெற்பயிருக்கு விமானத்திலிருந்து மருந்து அடித்த காலம் ஒன்று இருந்தது. ஒரு தனியார் கம்பெனி இரண்டு சின்ன விமானங்களை நம் ஓடுதளத்தில் நிறுத்தியிருந்தது. ஒரே ஆள் உட்காரும் வண்டி. முன்னால் மருந்துத் தொட்டி, இரண்டு இறக்கைக்குள்ளும் ஒவ்வொரு பெட்ரோல் டேங்க். ஒன்றை நான் ஓட்டினேன். அதைப் பறக்கும் நிலையில் வைத்திருந்தவர் மாசிலாமணி. விமானப்படையில் பன்னிரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மன்னார்குடிக்குத் தெற்கே என் பெரியப்பாவின் கிராமம்தான் அவருடைய கிராமமும். அவருடைய அப்பா என் பெரியப்பாவிடம் பண்ணையாளாக இருந்தவர்.

ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பு என்ற சொல் டீக்கடைகளுக்கு வந்துவிட்டது. மிராசுதார்கள் அவசரம் அவசரமாக மருமகன் பேரிலும் மாட்டுக்காரன் பேரிலும் பட்டா எழுதினார்கள். சுவரில் கறுப்பு சிவப்பு, வரப்பில் செங்கொடி. கூலிக்காக ஊருக்கு ஊர் வேலைநிறுத்தம். கைத்தெளிப்பான் தூக்கி மருந்து அடித்து நாலு காசு பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எங்கள் விமானம் தலைக்கு மேலே வந்த எதிரி.

மாசிலாமணி காலையில் செய்யும் முதல் வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு டேங்கின் அடியிலும் இருக்கும் சின்ன வால்வை அழுத்தி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோல் பிடிப்பார். கிழக்கே தூக்கிப் பிடித்து ஒரு குலுக்கு. அடியில் முத்து மாதிரி தண்ணீர் உருள்கிறதா என்று பார்ப்பார். “பெட்ரோலுக்கும் தண்ணிக்கும் சண்டையே கிடையாது சார். பெட்ரோல் மேல உக்காந்துக்கும், தண்ணி கீழ உக்காந்துக்கும். கீழ உக்கார வெச்சது சும்மா இருக்காது. தகட்ட அரிச்சு ஒரு நாள் ஓட்டை போட்டுடும்” என்பார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் மிராசு வீட்டுப் பிள்ளை. எனக்கும் சிரிப்பு வரும்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. சாயங்காலம் கடைசிச் சுற்று முடிந்து இறங்கியதும் இரண்டு டேங்கையும் விளிம்பு வரை நிரப்பிவிட வேண்டும். “டேங்க் நிறைஞ்சு தூங்கணும் சார். காலி இடம் இருந்தா அங்க காத்து இருக்கும். காத்துல ஈரம் இருக்கும். ராத்திரி தகடு குளிர்ந்ததும் அது தண்ணியாயிடும்.” எனக்கு அது பிடிக்கவில்லை. டேங்க் நிறைந்திருந்தால் காலையில் முதல் சுற்றில் வண்டி கனக்கும். அந்த அளவுக்கு மருந்தைக் குறைக்க வேண்டும். அந்த வருஷம் குறுவையிலிருந்தே பூச்சி. ஒரு சுற்றில் எத்தனை ஏக்கர் அடித்தோம் என்பதுதான் எனக்குப் பெருமை. பாதி டேங்க் போதும் என்றேன். அவர் இரண்டாம் முறையும் சொன்னார். “ஓட்டறது நான்தானே?” என்றேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. தினமும் காலையில் பாட்டிலை மட்டும் குலுக்கினார்.

மார்கழியில் புகையான் இறங்கியது. தூரடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பூச்சி அது. பச்சை வயலின் நடுவில் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோகும், யாரோ கொதிக்கும் தண்ணீரை ஊற்றியது போல. நாலு நாளில் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். நான் விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை இறங்கி இறங்கி ஏறினேன். ஒரு நாள் காலை பெரியப்பாவின் ஊர் வயல்களுக்கு மேல் ஆள் உயரத்தில் பறந்துகொண்டிருந்தேன். வயல் முடிந்து, தென்னை வரிசைக்கு மேல் தூக்கி, இடப்பக்கம் சாய்த்துத் திரும்பினேன். என்ஜின் ஒரு இருமல் இருமியது. பிறகு நின்றேவிட்டது.

காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. அதை நான் இன்றைக்கும் காதில் கேட்கிறேன். இடது டேங்கை மூடி வலது டேங்கைத் திறந்தேன். என்ஜின் உயிர் வந்து நாலு மூச்சு விட்டது, மறுபடியும் இருமியது. கீழே எல்லாம் தண்ணீர் கட்டிய வயல். சக்கரம் பட்டால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். மருந்தை ஒரே வீச்சில் கொட்டி வண்டியை லேசாக்கினேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பொதுவான மேய்ச்சல் திடல் தெரிந்தது. ஆடுகள் நாலாப்பக்கமும் சிதறின. இறங்கி, குதித்து, ஓடி, வாய்க்கால் கரையில் வால் சக்கரம் பள்ளத்தில் மாட்டி நின்றேன். உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை.

திடலை நோக்கிப் பத்திருபது பேர் ஓடி வந்தார்கள். வேலைநிறுத்தத்தில் இருந்த கூலிக்காரர்களின் தெரு அது. முன்னால் வந்தவர் கோவிந்தன், மாசிலாமணியின் மைத்துனர், அந்த ஊர்ச் சங்கத்துத் தலைவர். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். கோவிந்தன் இறக்கை மேல் ஏறி என் பட்டையை அவிழ்த்தார். “எங்கயாச்சும் அடிபட்டுதா? இறங்குங்க, மொதல்ல இறங்குங்க. நெருப்புப் புடிச்சுடப் போவுது.” எட்டுப் பேர் சேர்ந்து வாலைத் தூக்கிப் பள்ளத்திலிருந்து எடுத்து வைத்தார்கள். ஒரு அம்மாள் செம்பில் நீராகாரம் கொடுத்தார். குடித்தேன்.

பத்து மணிக்குப் பெரியப்பாவின் கார் வந்தது. நடுப்பகலில் ஓடுதளத்து ஜீப்பில் மாசிலாமணி வந்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டு நேராக இறக்கையின் அடியில் போய் உட்கார்ந்தார். பாட்டிலில் பிடித்தார். பாதிக்கு மேல் தண்ணீர். வலது டேங்கிலும் பிடித்தார். அதிலும் தண்ணீர்.

“ஊத்திட்டானுங்க,” என்றார் பெரியப்பா. அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. முந்தாநாள் கோவிந்தன் ஓடுதளத்துக்கு வந்து, விமானம் வேண்டாம், ஆட்களைக் கொண்டே மருந்து அடிக்கட்டும் என்று மனு கொடுத்திருந்தார். இறக்கை அருகே நின்று மாசிலாமணியுடன் பேசியதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறான். இப்போது வண்டி விழுந்த இடத்துக்கு முதலில் ஓடி வந்ததும் அவரே. “காத்துக்கிட்டு நின்னிருக்கானுங்க பாரு,” என்றார் பெரியப்பா. இன்ஸ்பெக்டர் வந்தார். கோவிந்தனையும் இன்னும் இரண்டு பேரையும் வேனில் ஏற்றினார்கள். மூன்று பேருமே காலையில் வண்டியின் வாலைத் தூக்கிப் பிடித்தவர்கள்.

“இது ஊத்தின தண்ணி இல்லீங்க,” என்றார் மாசிலாமணி.

பெரியப்பா திரும்பினார். “நீ பேசாத. உள்ளாள் இல்லாம இது நடக்குமா? உன் மச்சான்தானேடா அவன்?”

மாசிலாமணி பாட்டிலைக் கீழே வைத்தார். இன்ஸ்பெக்டரிடம் போனார். “அய்யா, இவங்கள எப்ப கோர்ட்டுக்குக் கொண்டு போவீங்க?”

“நாளைக்குப் பத்து மணிக்கு. நாசவேலை கேஸ்யா. லேசுல வெளிய வர முடியாது.”

“அதுக்கு முன்னாடி, விடியக்காலைல ஆறு மணிக்கு ஒரு தடவை இங்க வாங்க. தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு உங்க கையாலயே காட்டறேன்.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டேங்க் ராத்திரி பாதியாகத்தான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். இவர்கள்தான் என்னை இறக்கிவிட்டார்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். பெரியப்பா கார்க் கதவைத் திறந்து வைத்திருந்தார். “ஏறு தம்பி, வீட்டுக்குப் போலாம்.” ஏறிவிட்டேன்.

ஆனால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டு வெயில் தாழ்வதற்குள் திடலுக்கு நடந்தே வந்துவிட்டேன். மாசிலாமணி இரண்டு டேங்கையும் வடித்துவிட்டு, இடது இறக்கையின் மேலே இருந்த ஆய்வு மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் கேட்டுக்கொண்டபடி இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் பக்கத்தில் நின்றார்கள். “நல்லாப் பாத்துக்குங்க,” என்று சொல்லி, கையை உள்ளே விட்டு, உலர்ந்த துணியால் டேங்கின் மேல் தகட்டைச் சுத்தமாகத் துடைத்தார். துணியை மாற்றி மாற்றித் துடைத்தார். இன்ஸ்பெக்டரையும் தடவிப் பார்க்கச் சொன்னார். பொட்டு ஈரமில்லை. பிறகு மூடியைப் போட்டு முடுக்கினார். “இப்ப சீல் வெச்சுடுங்க.”

கான்ஸ்டபிள் அரக்கை எடுத்துத் தீக்குச்சியைக் கிழிக்கப் போனார். மாசிலாமணி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்த வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. “அய்யய்யோ, காலி டேங்க்தாங்க குண்டு! பெட்ரோல் நிறைஞ்சிருந்தாக்கூட இவ்வளவு பயமில்ல. உள்ள இருக்கற ஆவிதான் வெடிக்கும்.” கான்ஸ்டபிளின் முகம் வெளுத்துவிட்டது. கடைசியில் தெருவிலிருந்து சோற்றுப் பருக்கை வந்தது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைச் சோற்றால் மூடியின் மேல் ஒட்டினார்கள். பெட்ரோல் ஊற்றும் வாயின் மேலும் ஒன்று. கான்ஸ்டபிள் காவலுக்கு நின்றார். வண்டியிலிருந்து நூறு அடி தள்ளி நின்றார், பீடி இல்லாமல்.

மறுநாள் ஆறு மணிக்குத் திடல் முழுக்கப் பனி. புல்லில் நடந்தால் கணுக்கால் வரை நனைந்தது. தெரு முழுவதும் வாய்க்கால் கரையில் வந்து நின்றுகொண்டிருந்தது. மாசிலாமணியின் மனைவியும் நின்றார். லாக்கப்பில் இருப்பது அவருடைய தம்பி. பெரியப்பா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் தன் கையெழுத்தைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மாசிலாமணி காகிதத்தைக் கிழித்து மூடியைக் கழற்றினார். விலகி நின்றார்.

“சட்டைக் கையை மடிச்சுக்குங்கய்யா. உள்ள விட்டு மேல் தகட்டத் தடவிப் பாருங்க.”

இன்ஸ்பெக்டர் முழங்கை வரை உள்ளே விட்டார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். வெளியே எடுத்தார். ஐந்து விரலும் நனைந்திருந்தன. மோந்து பார்த்தார். மறுபடி உள்ளே விட்டார். “யோவ், சொட்டுதுய்யா!” என்று கத்தினார். கரையில் நின்ற கூட்டம் ஒரு குரல் எழுப்பியது.

“ஒரு ராத்திரிக்கு இவ்வளவு,” என்றார் மாசிலாமணி. “யாரும் வரல. உங்க கையெழுத்து கிழியல. உங்க ஆளு காவல் இருந்தாரு. டேங்குக்குள்ள பனி பெய்யுதுங்கய்யா. இத நூறு ராத்திரிக்குக் கணக்குப் பாருங்க.”

பெரியப்பா சும்மா இருக்கவில்லை. அவரும் புத்திசாலிதான். “பனி தினமும்தான் பெய்யுது. இத்தனை நாள் பறந்துச்சே, அப்ப நின்னுதா? நீ தினமும் வடிச்சுப் பாக்கறேன்னு சொல்றியே, உனக்குத் தெரியலயா?”

நல்ல கேள்வி. மாசிலாமணி சூரியன் கொஞ்சம் ஏறட்டும் என்றார். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தெருவிலிருந்து வாங்கி வைத்திருந்தார். வெயில் வந்ததும் அதைச் சாய்த்து வெளிச்சத்தை ஆய்வு வாய் வழியாக டேங்கின் அடிக்கு அனுப்பினார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். அலுமினியத் தகட்டின் மேல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி திட்டுத் திட்டாகப் பூத்திருந்தது. அவர் மூங்கில் குச்சியால் அதைச் சுரண்டினார். அடியில் அம்மைத் தழும்பு போலப் பள்ளங்கள்.

“இரும்புக்குத் துரு சிவப்பு. அலுமினியத்துக்குத் துரு வெள்ளை. இந்தப் பள்ளம் ஒரு நாள்ல விழாதுங்க. முந்தாநாள் ஊத்தின தண்ணின்னா தகடு பளபளன்னு இருக்கும். இது குறுவையிலேருந்து அரிக்குது.” டேங்கின் நடுவில் குறுக்கே ஒரு தடுப்புத் தகடு உண்டு. தண்ணீர் வடிந்து வால்வுக்கு வர அதன் அடியில் சிறு துளைகள். அந்தத் துளைகளை வெள்ளைப் பொடி அடைத்திருந்தது. “தண்ணி இந்தத் தடுப்புக்கு அந்தாண்ட தேங்கி நின்னுடுச்சு. நான் காலைல வடிச்சப்ப வெறும் பெட்ரோல்தான் வந்துச்சு. இவரு வண்டியச் சாய்ச்சுத் திருப்பினப்ப தடுப்பத் தாண்டி மொத்தமா என்ஜினுக்குப் போயிடுச்சு. துளை அடைச்சிருக்கும்னு நான் நெனைக்கல. மூடியத் திறந்து பாத்திருக்கணும். அது என் தப்பு. எழுதிக்குங்க.”

இன்ஸ்பெக்டர் எழுதினார். பிறகு கேட்டார். “சரி, பனியே இறங்காம இருக்க என்ன வழி?”

“ராத்திரி டேங்க நிரப்பி வெக்கணும். காலி இடம் இல்லன்னா காத்து இல்ல, தண்ணி இல்ல.”

“ஏன் நிரப்பல?”

மாசிலாமணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. “அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதுங்க,” என்று மட்டும் சொன்னார்.

திடலில் ஒரு ஆட்டுக்குட்டி கத்தியது. பெரியப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் நின்ற பெண்களும் பார்த்தார்கள். அந்த இடத்திலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் ஓடிவிடலாம் போல இருந்தது.

“நான்தான் வேண்டாம்னு சொன்னேன்,” என்றேன். இரண்டாம் முறை உரக்கச் சொன்னேன். “இவர் ரெண்டு தடவை சொன்னார். மருந்து கூட ஏத்தணும்னு நான்தான் பாதி டேங்கோட நிறுத்தச் சொன்னேன். தண்ணி என்னால வந்தது. இவங்க யாரும் ஊத்தல. நேத்து என்னை இறக்கிவிட்டதே இவங்கதான்.”

பெரியப்பா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காருக்குப் போனார். கதவு சாத்திய சத்தம் திடலெங்கும் கேட்டது. இன்ஸ்பெக்டர் என் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பத்து மணிக்குக் கோர்ட்டுக்குப் போகவேண்டியவர்கள் ஒன்பதரைக்கு வாய்க்கால் கரையில் நடந்து வந்தார்கள். ஒருவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது.

நான் மாசிலாமணியிடம் மன்னிப்புக் கேட்டேன். “எங்கிட்ட எதுக்கு சார்? உள்ள உக்காந்துட்டு வந்தவங்ககிட்டப் போய்க் கேளுங்க,” என்றார். அந்த ஊரில் என் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக நிலம். ஆனால் அந்தத் தெருவுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். கோவிந்தன் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். “அடி கூடப் பெரிசில்லீங்க,” என்றார். “நீங்க கார்ல ஏறினப்ப திரும்பிப் பாப்பீங்கன்னு பாத்தேன். பாக்கல.” நான் வாசலிலேயே நின்றேன். அவருடைய மனைவி ஒரு பாயை எடுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

அடுத்த மூன்று நாட்கள்தான் என் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமான வேலை நாட்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? புகையான் ஒரு பக்கம் வட்டம் வட்டமாகத் தின்றுகொண்டிருக்கிறது. இன்னொரு விமானம் கடற்கரைப் பக்கம் போயிருந்தது. வண்டியைக் கழற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோக நேரமில்லை. திடலிலேயே பழுது பார்ப்பது என்று மாசிலாமணி முடிவு செய்தார். ஆவி போகும்வரை முறத்தால் விசிறினார்கள். பிறகு ஜீப்பிலிருந்து கொண்டுவந்த கை ஊதியால் ஒரு பகல் முழுக்கக் காற்று ஊதினோம். ஜீப் டிரைவர் பொடியைத் தேய்க்க இரும்பு பிரஷ் கொண்டுவந்தார். மாசிலாமணி அதை வாங்கி வரப்புக்கு அப்பால் வீசிவிட்டார். “இரும்புத் தூள் ஒரு கடுகளவு உள்ள தங்கினாப் போதும், மறுபடி அரிக்கும்.” தெருவில் தேங்காய் நார் கிடைத்தது. நாரை மூங்கில் பிளாச்சில் கட்டி, ஒவ்வொரு பள்ளத்தையும் வெள்ளி போலப் பளபளக்கும் வரை தேய்த்தார். கண்ணாடியைப் பிடித்து வெளிச்சம் காட்டியவர் கோவிந்தன். “மச்சான், வலப்பக்கம். இல்ல, உன் வலப்பக்கம்!” என்று மாசிலாமணியின் அதட்டல். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஊருக்கே அந்தக் கட்டளைகள் மனப்பாடம்.

தகட்டில் அரிப்பு பிடிக்காமல் இருக்க ஒரு மருந்தைப் பூசினார். அலுமினியம் மஞ்சள் கலந்த பொன்னிறமாக மாறியது. இடது டேங்கில் இரண்டு பள்ளங்கள் தகட்டைத் துளைத்துவிட்டிருந்தன; வெள்ளைப் பொடி அடைத்திருந்ததால்தான் அதுவரை ஒழுகவில்லை. அந்த இடத்தை வட்டமாக வெட்டி எடுத்து, அதற்கு மேல் புதுத் தகடு வைத்து, நடுவே ரப்பர் போல இறுகும் பசையைத் தடவி ரிவெட் அடித்தார். அந்தப் பசை சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து மன்னார்குடியிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தது. பசை காயும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. “அவசரம் உங்களுக்கு. பசைக்கு அவசரமே கிடையாது.” கடைசியில் எல்லா வாயையும் அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்து, ரிவெட் ஒவ்வொன்றின் மேலும் சோப்பு நுரையைத் தடவினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒரு குமிழி வந்தால் எல்லாம் முதலிலிருந்து. வரவில்லை. கோவிந்தன் விசிலடித்தார்.

இனி ஏற வேண்டும். திடல் சின்னது. முடிவில் ஒரு பள்ளம், அதற்கப்பால் தென்னை. பள்ளத்தை மண்ணால் நிரப்பினால் ஓடுவதற்கு இன்னும் முப்பது அடி கிடைக்கும் என்று மாசிலாமணி அளந்து சொன்னார். வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் மண்வெட்டி எடுத்து வந்தார்கள். எனக்கே ஆச்சரியம். கோவிந்தன் சொன்னார்: “உங்க பெரியப்பா வயல்ல கூலி தீர்ற வரைக்கும் இறங்க மாட்டோம். அது வேற. புகையானுக்கு மிராசு வயல், குத்தகை வயல்னு தெரியாதுங்க. எங்க நாலு குழி நெலமும் சேர்ந்துதான் தீயுது.” இரண்டு மணி நேரத்தில் பள்ளம் மேடாகி, மேடு சமமாகி, மாட்டை விட்டு மிதித்து இறுக்கிவிட்டார்கள்.

வண்டியில் மருந்து இல்லை. எடை குறைய வேண்டும் என்பதற்காகப் பெட்ரோலும் குறைவு. மாசிலாமணி டேங்கை மூடிக்கொண்டே சொன்னார், “பாதி டேங்கு. இன்னிக்கு மட்டும்!” அதற்கு நான் சிரித்த சிரிப்பில் பயம் பாதி போய்விட்டது. பத்துப் பேர் வாலைப் பிடித்து நிறுத்தினார்கள். முழு வேகம் கொடுத்தேன், வண்டி நடுங்கியது, கை காட்டினேன், விட்டார்கள். திடல் ஓடியது. நிரப்பிய மண் தடதடவென்றது. தென்னை மட்டைகள் என்னை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வந்தன, இழுத்தேன். சக்கரம் எதையோ உரசியது. பிறகு எல்லாப் பக்கமும் வானம். அடியில் வாய்க்கால், ஆறு, கட்டங் கட்டமாகப் பச்சை, தெற்கே முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காட்டின் கருங்கோடு. ஒரு சுற்று திரும்பி திடலுக்கு மேல் தாழப் பறந்தேன். இடப்பக்கம் சாய்த்துத்தான் திரும்பினேன், வேண்டுமென்றே. என்ஜின் பாட்டுப் பாடியது. கீழே ஊர் முழுக்கக் கையை வீசிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ஆள் மட்டும் கையை வீசவில்லை. இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்து, என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமும் மறுநாளும் அடித்த மருந்தில் பெரியப்பா வயலும் கோவிந்தனின் குழி நிலமும் ஒன்றாகவே நனைந்தன. பயிரில் பாதிக்கு மேல் தப்பியது. கூலிச் சண்டை தீர மேலும் ஒரு மாதமாயிற்று. அதில் விமானத்துக்குப் பங்கில்லை. பெரியப்பா என்னோடு பேசியதும் இல்லை, ஏசியதும் இல்லை. ஓடுதளத்தில் சாயங்காலம் டேங்க் நிரப்பிய பிறகுதான் எனக்கு டீ. மாசிலாமணி மாதம் ஒருமுறை ஆய்வு மூடியைத் திறந்து நார் வைத்துத் தடுப்புத் துளைகளைச் சுத்தம் செய்வார். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று நகத்தால் சுண்டிப் பார்ப்பார். அந்த விமானம் எங்களிடம் இருந்தவரை டேங்கில் வெள்ளைப் பொடி மறுபடி பூக்கவில்லை.

கம்பெனி மூடியபின் நான் வேறு மாநிலங்களில் பறந்தேன். அவர் பேராவூரணியில் பம்புசெட் வேலை பார்த்தார், மகளைப் படிக்க வைத்தார், மகள் தலைமையாசிரியை ஆனார். போன வருஷம் போய்ப் பார்த்தபோது காது சரியாகக் கேட்கவில்லை. செல்வி என்னை யாரென்று உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. “எனக்குத் தெரியாதா? பைலட் சார். தப்ப ஒத்துக்கத் தெரிஞ்ச மனுஷன்,” என்றார். அந்த வார்த்தைக்கு நான் தகுதியானவன் இல்லை. கார் ஏறிய மத்தியானமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பேராவூரணியில் அவரைக் கிடத்தியிருந்த கூடத்தில் கோவிந்தனும் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரும்பும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். அன்று காலை தன் தப்பை அவர் யாரும் கேட்காமலே சொன்னார். என் தப்பையும் அவரே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவருடைய மைத்துனர் இன்னும் சீக்கிரம் வெளியே வந்திருப்பார். நான் காலம் பூராவும் காட்டிக்கொடுக்கப்பட்டவனாகத் திரிந்திருப்பேன். சொல்லாமல் மூடி மறைத்துக் காப்பாற்றியிருந்தால் அதைவிட மோசமாகியிருப்பேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. கண்ணாடியைத் துடைத்தபடி, நான் பேசுவதற்கு இடம் விட்டு நின்றார். அரை நிமிஷம் இருக்கும். மாசிலாமணியிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த அரை நிமிஷத்தைத்தான். அதற்குப் பிறகு நான் உண்மை பேசிய ஒவ்வொரு முறையும் அதற்குள் நின்றுதான் பேசியிருக்கிறேன்.